காது ஓரிடம், வாய் வேறிடம்: ஸ்மார்ட் ஒலிபெருக்கியின் புளூடூத் கதை

உங்களில் சிலர் வீட்டில் ஸ்மார்ட் ஒலிபெருக்கி இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விளக்கு மின்னி, கேட்ட பாட்டைப் போடும் சின்ன உருண்டைப் பெட்டி அது. இன்னும் பலர் வீட்டில் கையில் தூக்கிக்கொண்டு போகும் புளூடூத் ஒலிபெருக்கி இருக்கும். முதலாவதற்குச் சொன்னது புரியும், ஆனால் சத்தம் குறைவு. இரண்டாவதற்குச் சத்தம் உண்டு, ஆனால் சொன்னது புரியாது. இரண்டையும் இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் எங்களோடு இருக்கும் பாட்டிக்கு வயது 82. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற பழக்கம் விடவில்லை. இன்றும் 5 மணிக்கு எழுந்துவிடுவார். கண் மங்கிவிட்டதால் கைப்பேசியைப் பார்த்து அழுத்த முடியாது. அதனால் ஒரு ஸ்மார்ட் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தேன். பழைய பாட்டுக் கேட்கலாம். இரவு 8 மணிக்கு இரத்த அழுத்த மாத்திரையை அது நினைவூட்டும். தேவையான மூன்று ஆங்கிலச் சொற்களைப் பாட்டி இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

ஆனால் காதும் கொஞ்சம் மந்தம். "பாட்டு எங்கேயோ அடுத்த லயத்துல பாடுற மாதிரி இருக்கு தாயி" என்றார். ஆகவே ஒரு புளூடூத் ஒலிபெருக்கியை இணைத்து அவர் கட்டிலருகே வைத்தேன். பாட்டிக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

அடுத்த மாதம் கிளினிக்கில் அளந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினேன். ஐந்து மாத்திரைகள் மீதம் இருந்தன. "பெட்டி ஒண்ணும் சொல்லலையே தாயி" என்றார் பாட்டி. கைப்பேசிச் செயலியைத் திறந்தால், நினைவூட்டல் ஒவ்வோர் இரவும் 8 மணிக்கு ஒலித்ததாகக் காட்டியது. பாட்டியும் பொய் சொல்லவில்லை, பெட்டியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் சத்தம் எங்கே போனது?

வாருங்கள், அந்தச் சத்தம் போன வழியை நாமும் பின்தொடர்ந்து பார்ப்போம்.

ஒரு கட்டளையின் பயணம்

"பாட்டுப் போடு" என்று சொன்னதும் பெட்டி பாடுகிறது. பார்க்க ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் அது ஒரு தொடர் ஓட்டப் பந்தயம். குச்சி பல கைகள் மாறுகிறது.

முதலில் உங்கள் குரல், காற்றின் அதிர்வாகப் பெட்டியை அடைகிறது. ஒலிவாங்கி அதை மின் சைகையாக மாற்றுகிறது. பெட்டி எந்நேரமும் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதுதான் எழுப்புச்சொல். அதைக் கேட்டதும் பெட்டி விழித்துக்கொள்கிறது. அடுத்து நீங்கள் சொல்வது வைஃபை வழியாக இணையத்துக்கு, அதாவது அந்த நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளுக்குப் போகிறது. பெரும்பாலும் அங்கேதான் சொற்கள் அடையாளம் காணப்படுகின்றன. பாட்டின் தரவு அதே இணைய வழியில் பெட்டிக்குத் திரும்பி வருகிறது.

இதுவரை பெட்டி தனியாக இருந்தாலும் இதே கதைதான். வெளி ஒலிபெருக்கியை இணைத்தால் ஓட்டத்தில் இன்னும் ஒருவர் சேர்கிறார். பெட்டி, பாட்டைத் தன் வாயால் பாடாமல் புளூடூத் அலையாக்கி அடுத்த ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அது அலையை மீண்டும் மின் சைகையாக்கி, கூம்பை அதிரவைத்து, காற்றில் ஒலியாக வெளியிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் பெட்டியின் வாயை மட்டும்தான் இடம் மாற்றியிருக்கிறோம். காது பழைய இடத்திலேயே இருக்கிறது. காது ஓரிடம், வாய் வேறிடம். இந்த இணைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கின்றன.

12.5 சென்டிமீட்டர் அலை

படிவம் 2 அறிவியலில் ஒலி அலையைப் படித்திருப்பீர்கள். படிவம் 4 இயற்பியலில் அலைகளுக்கென்றே ஒரு பாடம் உண்டு. இந்தக் கதையில் இரண்டு வகை அலைகள் வருகின்றன. பாட்டியின் குரல் ஒலி அலை. அதற்குக் காற்று வேண்டும். விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். புளூடூத் என்பது மின்காந்த அலை. அதற்கு ஊடகமே தேவையில்லை. ஒளியின் வேகத்தில், விநாடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர் பாயும்.

புளூடூத் பயன்படுத்தும் அதிர்வெண் சுமார் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள். அலைநீளம் எவ்வளவு? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.125 மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர் வரும். ஏறக்குறைய உங்கள் கைப்பேசியின் நீளம்.

இந்த அதிர்வெண் பகுதியை உலகின் பெரும்பாலான நாடுகளில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதனால் இங்கே எப்போதும் கூட்டம். வீட்டு வைஃபையின் ஒரு பகுதி இங்கேதான் இயங்குகிறது. கம்பியில்லாச் சுட்டி, விசைப்பலகை பலவும் இங்கேதான். சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் உணவைச் சூடாக்குகிறது. அடுப்பின் உலோகச் சுவர் அலையைத் தடுத்தாலும் மிகச் சிறிதளவு கசியும். வீட்டில் நாம் பயன்படுத்தும் பல புளூடூத் கருவிகள் அனுப்பும் ஆற்றலோ சில மில்லிவாட் மட்டுமே. நூற்றுக்கணக்கான வாட் சக்தியுள்ள அடுப்பின் சிறு கசிவுகூட அதற்கு இடைஞ்சலாகலாம்.

இன்னொரு தடையும் உண்டு. அது நாம்தான். மனித உடலில் பாதிக்கு மேல் நீர். நீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். கைப்பேசியைப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறதல்லவா? அலை உங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதுதான் காரணம்.

79 கடைகளும் ஒரு இரகசியமும்

இவ்வளவு நெரிசலில் பாட்டு எப்படித்தான் போய்ச் சேர்கிறது? இரவுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக 79 கடைகள். எல்லாக் கடையிலும் இரைச்சல். நீங்களும் உங்கள் நண்பரும் ஒரு நீண்ட செய்தியைப் பேச வேண்டும். ஒரே கடைமுன் நின்றால், அங்கே ஒலிபெருக்கியில் கூவி விற்பவர் பேச்சைக் கெடுத்துவிடுவார். எனவே முன்கூட்டியே ஓர் ஒழுங்கு செய்துகொள்கிறீர்கள். முதல் சொல் 12ஆம் கடையில், அடுத்தது 57ஆம் கடையில், பிறகு 3ஆம் கடையில். இருவரும் ஒரே நேரத்தில் தாவித் தாவிப் பேசுகிறீர்கள். ஓரிடத்தில் ஒரு சொல் கேட்காமல் போனாலும் அடுத்த இடத்தில் திரும்பச் சொல்லிவிடலாம்.

வழக்கமான புளூடூத் செய்வது இதைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1,600 முறை வரை தடம் மாறுகிறது. ஒரு தாவலுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் 1,600இல் ஒரு பங்குதான். 2003இல் வந்த 1.2 பதிப்பு இன்னொரு புத்திசாலித்தனத்தைச் சேர்த்தது. எந்தத் தடத்தில் இரைச்சல் அதிகம் என்று கவனித்து, அந்தக் கடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். வீட்டு வைஃபை ஒன்று சுமார் 20 தடங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புளூடூத் அதை விட்டு விலகி, மீதமுள்ள தடங்களில் தாவும்.

தாவிப் பேசும் இந்த எண்ணம் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் அன்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து ஒரு கருவியை வடிவமைத்தார்கள். நீர்மூழ்கிக் குண்டுக்கு வானொலி அலையால் அனுப்பும் கட்டளையை எதிரி குழப்பிவிடாமல் இருக்க, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் வழி. 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் சொன்ன அதிர்வெண்களின் எண்ணிக்கை 88. பியானோவிலும் 88 கட்டைகள்! ஹெடி லமார்தான் புளூடூத்தைக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியல்ல. ஆனால் எண்ணத்தில் இரண்டும் உறவுக்காரர்கள்.

புளூடூத் பிறந்தது சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில். டச்சுப் பொறியாளர் யாப் ஹார்ட்சென் 1994இல் இதன் அடிப்படைப் பணியைத் தொடங்கினார். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பை அமைத்தன. பெயர், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹெரால்டின் பட்டப்பெயர். 'நீலப்பல்' என்று பொருள். பிரிந்து கிடந்த மக்களை ஒன்றுசேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பிரிந்து கிடக்கும் கருவிகளைச் சேர்க்கும் நுட்பத்துக்கு இன்டெலின் ஜிம் கார்டாக் இந்தப் பெயரை முன்மொழிந்தார். சின்னத்தில் தெரிவது, மன்னர் பெயரின் முதலெழுத்துகளைக் குறிக்கும் இரண்டு பழங்கால ரூன் எழுத்துகளின் சேர்க்கை.

அறிமுகம் வேறு, சந்திப்பு வேறு

இப்போது இணைக்கும் வேலைக்கு வருவோம். பலர் குழம்பும் இடம் இதுதான். முதல் முறை சேர்ப்பதை இணையாக்கம் என்போம். அது இருவரை அறிமுகம் செய்து வைப்பது போல. பிறகு ஒவ்வொரு முறையும் சேர்வது இணைப்பு. அது அறிமுகமானவர்கள் மீண்டும் சந்திப்பது போல.

வெளி ஒலிபெருக்கியின் புளூடூத் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாக மின்னும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று அது அறிவிக்கிறது. பிறகு கைப்பேசியில் ஸ்மார்ட் ஒலிபெருக்கியின் செயலியைத் திறந்து, அந்தக் கருவியின் அமைப்புக்குள் போய், புளூடூத் ஒலிபெருக்கியைச் சேர்க்கும் இடத்தைத் தேடுங்கள். அமேசான் எக்கோ, கூகுள் ஹோம் ஆகிய இரண்டு குடும்பங்களிலும் இந்த வசதி உண்டு. ஆப்பிளின் ஹோம்பாட் வெளிப் புளூடூத் ஒலிபெருக்கிக்குப் பாட்டை அனுப்பாது. வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அறிமுகத்தின்போது இரண்டு கருவிகளும் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதனால் அடுத்த முறை கேள்வி கேட்காமலே சேர்கின்றன. வசதிதான். ஆனால் ஒரு வம்பும் உண்டு. என் தம்பியின் கைப்பேசியும் பாட்டியின் ஒலிபெருக்கியோடு ஏற்கெனவே அறிமுகமானது. ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்ததும் ஒலிபெருக்கி அவன் கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டது. பாட்டி கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் காற்பந்து வருணனை! "யாரு தாயி இந்த ஆளு, இப்படிக் கத்துறான்?" என்றார் பாட்டி. தம்பியின் கைப்பேசியில் அந்த ஒலிபெருக்கியை 'மறந்துவிடு' என்று நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஒருவழிப் பாதை

புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விதிமுறைத் தொகுப்பு உண்டு. தரமான இசையை அனுப்பும் தொகுப்பின் பெயர் ஏ2டிபி. அதில் ஒருவர் அனுப்புபவர், மற்றவர் பெறுபவர். ஒருவழிப் பாதை. வெளி ஒலிபெருக்கியில் தொலைபேசி பேசுவதற்கென ஒலிவாங்கி இருந்தாலும், இந்தப் பாதையில் உங்கள் குரல் திரும்பிப் போகாது. கட்டிலருகே உள்ள ஒலிபெருக்கியைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. காது, ஸ்மார்ட் ஒலிபெருக்கியிடம் மட்டுமே இருக்கிறது.

இந்தப் பாதை அகலமானதும் அல்ல. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு பாட்டை அனுப்ப விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 1,411,200 பிட். இதை அப்படியே அனுப்பாமல் சுருக்கித்தான் அனுப்புவார்கள். எல்லா ஏ2டிபி கருவிகளுக்கும் பொதுவான சுருக்குமுறையின் பெயர் எஸ்பிசி. அதன் வழக்கமான உயர்தர அளவு விநாடிக்குச் சுமார் 328,000 பிட். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. நம் காது எளிதில் கண்டுபிடிக்காத நுணுக்கங்களைக் குறைத்துச் சுருக்குகிறார்கள்.

சுருக்குவதற்கு நேரம் வேண்டும். விரிப்பதற்கும் நேரம் வேண்டும். அலை இடையில் தடைப்பட்டால் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று பெறும் கருவி கொஞ்சம் தரவைச் சேமித்தும் வைக்கும். மூன்றும் சேர்ந்து ஒலி தாமதமாகிறது. விநாடியில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை தாமதிப்பது சாதாரணம். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியாது. ஆனால் தாளத் தட்டும் செயலியில் விரலால் தட்டிப் பாருங்கள். தட்டியது முன்னே, சத்தம் பின்னே வரும். 0.2 விநாடி என்பது காற்றில் ஒலி 68 மீட்டர் போகும் நேரம். பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கி, நேரக் கணக்கில் ஒரு திடலின் மறுமுனைக்குப் போய்விடுகிறது! இந்தத் தாமதம் வேண்டாமென்றால், கருவியில் ஒலிக் கம்பிக்கான துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதிரிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. கம்பி பழைய வழிதான். ஆனால் தாமதமோ தடம் மாறும் வேலையோ அதற்கு இல்லை.

எங்கே வைப்பது?

பெரிய ஒலிபெருக்கியை வாங்கி, சத்தத்தைக் கூட்டிவிட்டால் பாட்டிக்குக் கேட்கும் என்று நினைக்கத் தோன்றும். அதைவிட எளிய வழியை இயற்பியல் சொல்கிறது. அருகில் கொண்டு போங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். அதாவது 6 டெசிபல் கூடும். 4 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் தூரம் மூன்று முறை பாதியாகிறது. மொத்தம் 18 டெசிபல், 64 மடங்கு செறிவு! அறைக்குள் சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதால் இந்த வேறுபாடு கொஞ்சம் குறையும். ஆனாலும் பலன் பெரிது. சின்ன ஒலிபெருக்கி போதும், அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லையில்லை.

வயதானவர்களுக்குக் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகள். 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் அந்தப் பக்கம் இருப்பவை. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று தாத்தா பாட்டிகள் சொல்கிறார்கள். நாம் கத்துவதால் அது தீராது. தெளிவான ஒலியை அருகில் கொடுப்பதுதான் உதவி. காது மந்தமாகிறது என்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுவது அதைவிட முக்கியம்.

வாயை அருகில் கொண்டு வந்தாயிற்று. காதை எங்கே வைப்பது? முதலில் நான் ஸ்மார்ட் ஒலிபெருக்கியைக் கூடத்திலேயே விட்டிருந்தேன். பாட்டி அறையிலிருந்து கூப்பிட்டால் அதற்குக் கேட்கவில்லை. அறைக்குக் கொண்டு வந்து வெளி ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அப்போதும் பாட்டு ஓடும் நேரத்தில் கூப்பிட்டால் கேட்கவில்லை. "பழைய தண்டல் மாதிரி, தான் பேசும்போது அடுத்தவங்க பேச்சைக் காதுல வாங்க மாட்டேங்குது" என்றார் பாட்டி.

காரணம் சுவையானது. ஸ்மார்ட் ஒலிபெருக்கி தானே பாடும்போது, எந்த ஒலி எப்போது தன் வாயிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். ஒலிவாங்கி கேட்பதிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மீதியில் உங்கள் குரலைத் தேடும். வாய் வேறிடத்துக்குப் போனால், ஒலி சற்றுத் தாமதமாக, வேறு திசையிலிருந்து வருகிறது. கழித்தல் கணக்குக் கடினமாகிவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். காது பாட்டியின் குரல் எட்டும் தூரத்தில், வாய் பாட்டியின் தலைமாட்டில், இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி. எங்கள் அறையில் அலமாரிமேல் ஒன்று, கட்டிலோரம் ஒன்று என்று அமைந்தது.

எட்டு மணிக்கு என்ன நடந்தது?

இப்போது மாத்திரைக்கு வருவோம். நான் ஒரு சோதனை செய்தேன். ஒரு நிமிடத்தில் ஒலிக்கும்படி நினைவூட்டல் வைத்தேன். நன்றாகக் கேட்டது. பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் சும்மா விட்டேன். மீண்டும் ஒரு நினைவூட்டல் வைத்தேன். இம்முறை கட்டிலோர ஒலிபெருக்கி மௌனம். அலமாரியிலிருந்த சின்னப் பெட்டி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல மெல்ல ஒலித்தது.

விடை கிடைத்துவிட்டது. பேட்டரியில் ஓடும் பல புளூடூத் ஒலிபெருக்கிகள், சிறிது நேரம் ஒலி வராவிட்டால் மின்சக்தியை மிச்சப்படுத்தத் தாமாகவே அணைந்துவிடும். பாட்டி சாயங்காலம் பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். ஒலிபெருக்கி அணையும். இணைப்பு அறுந்ததும் ஸ்மார்ட் ஒலிபெருக்கி தன் சொந்த வாய்க்குத் திரும்பிவிடும். அந்த வாயின் சத்தத்தை நான்தான் ஆகக் குறைவாக வைத்திருந்தேன், வெளி ஒலிபெருக்கி இருக்கிறதே என்ற நம்பிக்கையில். 8 மணிக்குப் பெட்டி உண்மையாகவே பேசியது. பாட்டிக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

இரண்டு கருவிகளும் சரியாகவே வேலை செய்தன. ஓட்டை இருந்தது இரண்டுக்கும் நடுவில். தனித்தனியாகச் சோதித்திருந்தால் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. முழுத் தொடரையும், உண்மையில் பயன்படுத்தும் நேரத்தில், உண்மையில் இருக்கும் நிலையில் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றும் கற்றேன். உடல்நலம் சார்ந்த வேலையை ஒரே ஓர் இணைப்பை நம்பி விடக்கூடாது. வைஃபை போகலாம், மின்சாரம் போகலாம், பேட்டரி தீரலாம். இப்போது ஸ்மார்ட் ஒலிபெருக்கியின் சொந்த ஒலி அளவைக் கூட்டி வைத்திருக்கிறேன். ஏழு நாளுக்கு ஏழு அறையுள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கேட்பது வீட்டிலுள்ள ஒருவரின் பொறுப்பு. பொறியாளர்கள் இதை மாற்று ஏற்பாடு என்பார்கள். விமானத்தில் ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் இருப்பதும் இதனால்தான்.

அனுமதி கேட்பதும் முக்கியம். ஒருவர் படுக்கையறையில் ஒலிவாங்கி உள்ள கருவியை வைக்கிறோம். ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் எங்கே என்று பாட்டியின் விரலைப் பிடித்துக் காட்டினேன். அவர் பேசியது நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கலாம், அதைச் செயலியில் பார்க்கலாம், அழிக்கலாம் என்றும் சொன்னேன். "நான் என்ன இரகசியம் பேசப் போறேன்?" என்று சிரித்தார். ஆனாலும் உறவினர்கள் வந்து பேசும்போது பொத்தானை அழுத்திவிடுகிறார்!

செய்து பாருங்கள்

வீட்டில் ஒரு கைப்பேசியும் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். ஸ்மார்ட் ஒலிபெருக்கி கட்டாயமில்லை.

1. தூரம்: ஒலிபெருக்கியிலிருந்து 2, 4, 6, 8, 10 மீட்டர் தூரத்தில் கைப்பேசியை வைத்து ஒரு நிமிடம் பாட்டுக் கேளுங்கள். எத்தனை முறை விட்டுப்போகிறது என்று எண்ணுங்கள். தூரம் தற்சார்பு மாறி. விட்டுப்போகும் எண்ணிக்கை சார்பு மாறி. பாட்டு, ஒலி அளவு, இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

2. தடை: விட்டுப்போகத் தொடங்கும் தூரத்தில் கைப்பேசிமுன் ஒருவரை நிற்க வையுங்கள். பிறகு அவருக்குப் பதில் ஒரு காலி அட்டைப் பெட்டியை வையுங்கள். எது அலையை அதிகம் தடுக்கிறது? ஏன்?

3. தாமதம்: தாளச் செயலியைக் கைப்பேசியின் சொந்த ஒலியில் தட்டிப் பாருங்கள். பிறகு புளூடூத்தில் தட்டிப் பாருங்கள்.

4. மௌனம்: பாட்டை நிறுத்திவிட்டு 5, 10, 20, 30 நிமிடம் காத்திருங்கள். உங்கள் ஒலிபெருக்கி எப்போது அணைகிறது? கைப்பேசியில் அலாரம் வைத்துப் பாருங்கள். சத்தம் எந்தக் கருவியிலிருந்து வருகிறது? கருவிக்குக் கருவி விடை மாறும். உங்கள் கருவியின் விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். முதலில் நான் பெட்டியின் இடம், ஒலி அளவு, இணைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்தேன். வகுப்பில் உங்களிடம் கூடாது என்று சொல்வதை வீட்டில் நானே செய்தேன்!

புளூடூத் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறை, குறைந்த மின்சக்தியில் நல்ல ஒலியைத் தரவும், செவித்துணைக் கருவிகளுக்கு நேரடியாக ஒலியை அனுப்பவும் வழி செய்கிறது. அதுவரை கட்டிலோரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஒலிபெருக்கியே எங்கள் பாட்டிக்குப் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் தாத்தா பாட்டி பயன்படுத்தும் கருவி எதுவானாலும், அவர்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் தூரத்திலிருந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கேட்பது அவர்களுக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள். அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.